ஒட்டுக் கண்ணும் சொட்டு மருந்தும்

பண்ருட்டிப் பக்கத்தில் ‘ஒட்டு’ என்ற சொல்லுக்குப் பொருள் காண யாரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. தோட்டம் வைத்திருப்பவர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார்: கீழே ஒரு வேர்ச்செடி, மேலே வைத்துக் கட்டும் கிளை ஒன்று, இரண்டும் வெவ்வேறு தாய்க்குப் பிறந்தவை, இரண்டின் பாலும் கலந்தால் மரம், கலக்காவிட்டால் விறகு. ஒட்டுப் பிடிக்கும் வரையில் கட்டை அவிழ்க்கலாகாது. கடும் வெயில் படலாகாது. தண்ணீர் கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. ஒரு மாங்கன்றுக்கே இவ்வளவு பத்தியம் என்றால், மனிதருடைய கண்ணில் ஒட்டுக் கட்டினால் எவ்வளவு பத்தியம் வேண்டியிருக்கும்! அதைத் திருவதிகையில் நமது தமக்கையார் வீட்டில் சில வருஷங்களாக நாம் கண்ணாரப் பார்த்து வருகிறோம்.

கண் மாற்றுதல் என்றதும் நம்மவர்க்குக் கண்ணப்பர் நினைவு வருவது இயல்பு. காளத்தியப்பரின் கண்ணில் உதிரம் பெருகக் கண்டு, வேடர் குலத்துத் திண்ணனார் அம்பினால் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். அந்த ஒட்டு உடனே பிடித்துக்கொண்டது. சொட்டு மருந்து எதுவும் தேவைப்பட்டதாகப் புராணத்தில் காணோம். தெய்வத்தின் உடம்பு அந்நியப் பொருளை வெறுப்பதில்லை போலும். மனித உடம்பு அப்படியன்று. முழுக் கண்ணையும் மாற்றிப் பார்வையை வரவழைக்கும் வித்தை இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் கைவரவில்லை. மாற்றக் கூடியது முன்புறத்துக் கண்ணாடி ஒன்றுதான்.

கருவிழி என்று நாம் சொல்லும் வட்டத்தின் மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கவிந்திருக்கும் தெளிந்த படலம் அது. பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம், நடுவில் அரை மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். அதில் இரத்தக் குழாய் ஒன்றும் கிடையாது. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தப் படலமே செய்கிறது. மீதியைச் செய்வது உள்ளே பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பளிங்கு வில்லை. இந்த இரண்டையும் நேயர்கள் மனத்தில் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். முன்புறக் கண்ணாடி மங்கினால் அதற்குப் பெயர் ‘பூ விழுதல்’. பின்புற வில்லை மங்கினால் அதற்குப் பெயர் ‘புரை’. ஒன்றுக்குச் செய்த வைத்தியம் மற்றொன்றைக் கெடுத்த கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1905-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரிய ராஜ்யத்தைச் சேர்ந்த மொராவியாவில், எட்வர்ட் ஸிர்ம் என்னும் டாக்டர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு கூலியாளுக்கு, விபத்தில் கெட்டு எடுக்க நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து இந்தப் படலத்தை வெட்டி ஒட்டினார். ஒரு கண்ணில் அது பிடித்தது. அந்தத் தொழிலாளி மறுபடியும் வயல் வேலைக்குப் போனாராம். பிறகு பிலாத்தோவ் என்பவர், இறந்தவர்களின் கண்ணையே இதற்குக் கொள்ளலாம் என்று காட்டினார். நமது நாட்டுக்கு இந்த வித்தை வர அதிக காலம் செல்லவில்லை. சென்னை எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி 1819-ல் தோன்றியது. ஆசியாக் கண்டத்திலேயே மூத்தது. அங்கே 1945-ல் கண் வங்கி ஏற்பட்டது. 1948-ல், நாடு சுதந்திரம் பெற்ற மறு வருஷம், டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையா அதே இடத்தில் பாரதத்தின் முதல் கருவிழி மாற்றுச் சிகிச்சையைச் செய்து முடித்தார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயரைப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அதே 1948-ல், கடலுக்கு அப்பால், வேறொரு காரியம் நடந்தது. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தினால் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிஸோன் என்ற புதிய மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில தினங்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950-ல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டிராய்டு என்று இன்று நாம் சொல்லும் மருந்துக் குடும்பத்தின் பிரவேசம் இதுவே. மூட்டுக்கு வந்த மருந்து மிக விரைவில் கண்ணுக்கும் வந்தது. ஒட்டுக் கண்ணைக் காக்க அதைப்போல் வேறொன்று இல்லை என்று கண்டார்கள். ஆனால் 1960-ல் அமெரிக்க வைத்தியர்களே மற்றொன்றையும் கண்டு எழுதினார்கள்: மூட்டுவாதத்துக்காக இம்மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களின் கண்ணில், வில்லையின் பின்புறத்தில் ஒரு வகைப் புரை விழுகிறது என்று. சில வருஷங்களில், சொட்டாக விட்டாலும் அதே பலன் உண்டு என்பது தெளிவாயிற்று.

இனி நம் வீட்டு விஷயம்.

2015-ஆம் வருஷம் தை மாதம், கெடிலக் கரையோரத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. நமது தமக்கையார் ஆட்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவர், கட்டுக்களுக்கிடையே குனிந்தபோது கரும்புச் சோகை ஒன்று வலக்கண்ணில் அடித்துவிட்டது. அடித்த வேகம் சொற்பம். கண்ணீர் வடிந்தது, துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். மறுநாள் கண் சிவந்தது. வழக்கம்போல் நந்தியாவட்டைப் பூவும் விளக்கெண்ணெயும் வந்தன. மூன்றாம் நாள், சிவப்புக்கு நல்லது என்று மருந்துக் கடையில் யாரோ ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கடையின் பெயர் இங்கு வேண்டாம். அப்படிக் கொடுக்கும் கடை ஊருக்கு ஒன்று இருக்கிறது. மருந்தை விட்டதும் சிவப்புத் தணிந்தது, வலியும் குறைந்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். பத்தாம் நாள் கருவிழியின் நடுவில் வெள்ளையாகப் பொட்டு ஒன்று தெரிந்தது.

சோகையோடு கண்ணுக்குள் புகுந்தது பூஞ்சக்காளான். நம் பக்கத்தில் வயல் வேலை செய்வோர்க்கு இது மிகவும் சகஜமான ஆபத்து. மதுரை ஜில்லாவில் எடுத்த ஒரு கணக்கில், லட்சம் பேருக்கு 113 பேர் என்ற விகிதத்தில் ஒவ்வொரு வருஷமும் கருவிழிப் புண் வருவதாகக் கண்டார்கள். அமெரிக்காவில் எடுத்த கணக்கைப்போல் இது பத்து மடங்கு. கடையில் கொடுத்த மருந்தில் இருந்ததோ ஸ்டிராய்டு. அது உடம்பின் போர்ச்சேவகர்களைக் கட்டிப்போடும் மருந்து. சேவகர்கள் அடங்கியதால் சிவப்பும் வலியும் தணிந்தன. ஆனால் எதிரி அடங்கவில்லை. காவலில்லாத வீட்டில் கள்வன் நடமாடுவதுபோல் பூஞ்சை தாராளமாக வளர்ந்தது. புதுச்சேரியிலுள்ள ஒரு கண்ணாஸ்பத்திரியில் சேர்த்து, பூஞ்சைக்கு உரிய மருந்தை மணிக்கு ஒரு தரம் விட்டு, கண்ணை இழக்காமல் மீட்டார்கள். சித்திரை பிறந்தபோது புண் ஆறியிருந்தது. ஆறிய இடத்தில் சோழிபோல் ஒரு வெண்பூ நின்றுவிட்டது. கையை அசைத்தால் நிழல் தெரியும், ஆள் தெரியாது.

திருவதிகையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமக்கை-தம்பி கதையைச் சொல்ல வேண்டியதில்லை. சமண மதத்தைத் தழுவிப் பாடலிபுரமான திருப்பாதிரிப்புலியூரில் தங்கியிருந்த தம்பிக்குச் சூலை நோய் கண்டபோது, அவர் இரவோடிரவாக இந்த ஊருக்குத் தமக்கையாரைத் தேடித்தான் வந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்து வீரட்டானத்துக்குள் அழைத்துப் போனார்; நோய் தீர்ந்தது, நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார். நம் வீட்டில் கதை தலைகீழாயிற்று. நோய் தமக்கைக்கு; பஸ் ஏறி அலைந்தது தம்பி. பஸ்ஸில் போகும்போது நமது தமக்கையார் ஒருநாள், “அப்பர் சுவாமிக்கு வந்த சூலை ஒரு நாளில் தீர்ந்தது. எனக்கு மட்டும் இத்தனை சீட்டு, இத்தனை தேதி. என்ன தம்பி நியாயம்?” என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. ஜன்னல் ஓரத்துச் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். ஒரு கண்ணால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

2016-ஆம் வருஷம் ஆவணியில், யாரோ ஒரு புண்ணியவான் இறந்தபின் கொடுத்த கண்ணிலிருந்து படலம் கிடைத்தது. கொடுத்தவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லுவதில்லை, அது விதி. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதும், மூக்குக்கண்ணாடி போட்டவர், சர்க்கரை வியாதியுள்ளவர், புரை எடுத்துக்கொண்டவர் யாரும் கொடுக்கலாம் என்பதும் நம் குடும்பங்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. இவ்விஷயத்தில் நமது அண்டை நாடான இலங்கை நமக்கு வழிகாட்டி. ஹட்ஸன் சில்வா என்ற டாக்டர் 1961-ல் நிறுவிய கண் தானச் சங்கம், தன் நாட்டுக்குப் போக, எத்தனையோ வெளிநாடுகளுக்கும் கண்களை அனுப்பியிருக்கிறது. அவ்வளவு சிறிய தீவு செய்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரணசிகிச்சை ஒரு மணி நேரம் ஆயிற்று. பூ விழுந்த பாகத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவு வட்டத்தைப் பதித்து, தலைமயிரினும் மெல்லிய நைலான் இழையால் பதினாறு தையல் போட்டார்கள். கட்டை அவிழ்த்த நாள் தமக்கையார் முதலில் பார்த்தது தம் கையிலிருந்த வளையலை. “இதில் ஒன்று நெளிந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே” என்றார்.

இங்கேதான் சொட்டு மருந்தின் இரண்டாவது பிரவேசம். சீட்டைப் பார்த்த நாம் திடுக்கிட்டோம். பெயர் வேறாக இருந்தாலும், தை மாதத்தில் குடியைக் கெடுத்த அதே ஸ்டிராய்டு குடும்பம்! டாக்டரம்மாளைக் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: “அப்போது உள்ளே பூஞ்சை இருந்தது. சேவகர்கள் வேண்டியிருந்தார்கள். இப்போது உள்ளே இருப்பது விருந்தாளி. சேவகர்கள் அவரைக் கள்வன் என்று நினைத்து அடித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அதே மருந்தைக் கொடுக்கிறோம்.” படலத்தில் இரத்தக் குழாய் இல்லாததனால் சேவகர்கள் அங்கே எளிதில் வருவதில்லை, ஆகவேதான் சிறுநீரகம் முதலிய மற்ற ஒட்டுக்களைப்போல் இரத்த வகை பார்த்துப் பொருத்தம் தேட வேண்டியதில்லை. என்றாலும் அவர்கள் வருவதே இல்லை என்று சொல்ல முடியாது. ஒட்டின் உட்புறத்தில் தேனடைபோல் ஒரே வரிசையாக அமைந்த அணுக்கள் இருக்கின்றன. படலத்துக்குள் நீர் தேங்காமல் இறைத்துக்கொண்டே இருப்பது அவற்றின் தொழில். அவை செத்தால் மறுபடி பிறப்பதில்லை. சேவகர்கள் ஒரு தரம் வந்து தாக்கினாலும் அவற்றில் ஒரு பகுதி போய்விடும். மிகுதியாகப் போய்விட்டால் ஒட்டு ஊறி வெளுத்துவிடும்.

ஆகவே சொட்டு மருந்து. முதலில் பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம். பிறகு நாளைக்கு ஆறு, நான்கு, மூன்று என்று மாதக் கணக்கில் படிப்படியாக இறங்கி, ஒரு வருஷத்துக்குப் பின்னும் நாளைக்கு ஒரு சொட்டு. இதில் சில நுட்பங்கள் உண்டு. மருந்து பால்போல் இருந்தால் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அடியிலும் தண்ணீர் கண்ணிலும் போகும். விட்ட பின் மூக்கோரத்துக் கண் முனையை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் தொண்டையில் இறங்கிக் கசக்கும். திறந்த புட்டியை ஒரு மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளலாகாது. நமது மாமா அடுக்களைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை மாட்டி, ஒவ்வொரு சொட்டுக்கும் பென்ஸிலால் ஒரு கோடு போட்டுவந்தார். பால் கணக்குக்குக்கூட அவர் அவ்வளவு ஒழுங்கு காட்டியதில்லை என்பது தமக்கையாரின் சாட்சியம்.

ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. தையல்களும் எடுத்தாயிற்று. 2018 பங்குனியில் புதிய தொந்தரவு தொடங்கியது. ஒட்டு தெளிவாக இருந்தது. சிவப்பு இல்லை, வலி இல்லை. ஆனால் வெயிலில் வெளியே போனால் எல்லாம் வெளிறிப் போயிற்று. எதிரே வரும் சைக்கிள் விளக்கு தீப்பந்தம்போல் பரந்து தெரிந்தது. தூரத்துக் கோபுரம் தெரியும். கையிலுள்ள பஞ்சாங்கம் தெரியாது. மாலை மங்கியபின் மட்டும் சற்றுச் சுகம். வயதானவர்க்கு வரும் புரை மெல்ல மெல்ல வருஷக் கணக்கில் வரும். இது ஆறே மாதத்தில் வந்தது. காரணத்தை டாக்டரம்மாள் ஒரு படம் வரைந்து காட்டினார். இந்தப் புரை வில்லையின் பின்பக்கத்தில், சரியாக நடுவில் விழும். வெயிலில் கண்ணின் பாப்பா சுருங்கும். சுருங்கிய துவாரத்துக்கு நேரே புரை நிற்கும். ஒளிக்கு வழி இல்லை. கிட்டத்தில் படிக்கும்போதும் பாப்பா சுருங்குவதால் அதே கதி. இருட்டில் பாப்பா விரியும். புரையைச் சுற்றிக்கொண்டு ஒளி உள்ளே போகும். ஸ்டிராய்டு பட்டு, வில்லையின் அணுக்கள் தம் இடத்தை விட்டுப் பின்புறத்துக்கு நகர்ந்து திரளுவதனால் இது ஏற்படுகிறது. நகரும் காரணம் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்த அடையாளத்தை நாம் மறக்கவில்லை. மறு வருஷம் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கரும்பலகை தெரியவில்லை என்றும், மேகம் மூடிய நாளில் நன்றாகத் தெரிகிறது என்றும் சொன்னான். மற்ற உபாத்தியாயர்கள் சாக்கு என்று நினைத்தார்கள். வெயில் காலத்தில் கண் அரிப்பு வரும் சிறுவன். இரண்டு வருஷமாகப் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் சொட்டு மருந்து வாங்கி, அரிக்கும்போதெல்லாம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சீட்டில் எழுதியிருந்ததோ பதினைந்து நாளைக்கு. அவனுக்கு ஒட்டும் இல்லை, புண்ணும் இல்லை; இரண்டு கண்ணிலும் புரை. கண்ணின் அழுத்தமும் ஏறியிருந்தது. பதின்மூன்று வயதில் பாட்டனாருக்கு வரும் வியாதி! இம்மருந்தை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். சட்டப் புத்தகத்தில் இருக்கும் விதி மருந்துக் கடையின் மேஜைக்கு வருவதற்குள் களைத்துப் போகிறது.

அழுத்தம் என்றோமே, அது புரையைவிட அஞ்சத்தக்கது. புரையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கலாம். அழுத்தத்தால் பட்டுப்போன நரம்பை மீட்க முடியாது. ஸ்டிராய்டு விட்டால் சிலருக்குக் கண்ணின் உள்நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, அளந்து பார்த்தால்தான் தெரியும். இந்த அழுத்த நோய்க்குக் கண்ணில் நுண்ணிய துளையிட்டு நீரை வடிக்கும் முறையை 1909-ஆம் வருஷத்தையொட்டி எலியட் என்ற ஆங்கில டாக்டர் உலகத்துக்கு எடுத்துரைத்தது நமது எழும்பூரிலிருந்துதான்.

தமக்கையாருக்கு நல்ல வேளையாக அழுத்தம் ஏறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டிலேயே உருவாயிற்று. சொட்டு மருந்தினால்தான் புரை வந்தது என்று தெரிந்ததும், உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து தீர்ப்புச் சொல்லிப் போனார்கள். “விஷத்தைக் காசு கொடுத்து விடுகிறாயே” என்றார் ஓர் அத்தை. “கண்ணைக் கொடுத்தவர்களே கண்ணைப் பறிக்கிறார்கள்” என்றார் இன்னொருவர். தமக்கையார் யாருடனும் வாதாடவில்லை. ஒருநாள் காலை முதல் மருந்தை நிறுத்திவிட்டார். மாமாவின் அட்டவணையில் கோடு மட்டும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது; மருந்து விட்டுக்கொண்டேன் என்று தமக்கையார் சொல்வார், மாமா கோடு போடுவார்.

ஐந்தாவது வாரம் கண் லேசாகச் சிவந்தது. வெளிச்சம் குத்தியது. பார்வை, புரையின் மங்கலுக்கு மேல், புகை சூழ்ந்ததுபோல் ஆயிற்று. சிவப்பு, கூச்சம், மங்கல், வலி இந்நான்கில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று சீட்டின் பின்புறத்தில் அச்சடித்திருந்ததை மாமா வாசித்துக் காட்டினார். அப்போதுதான் தமக்கையார் உண்மையைச் சொன்னார். அன்றிரவே வண்டி வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம்.

டாக்டரம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “அம்மா, புரை வந்தால் நான் எடுத்துவிடுவேன். ஒட்டுப் போனால் இன்னொருவர் இறந்து இன்னொரு கண் வரவேண்டும். இரண்டாவது ஒட்டு முதல் ஒட்டைப்போல் இலகுவாகப் பிடிக்காது. உங்களுக்கு எது வேண்டும்?” தமக்கையார் பேசாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து, “அந்த மனுஷர் யாரோ, நம்பிக் கொடுத்தார். நான் நிறுத்தினது தப்பு” என்றார். மருந்து மறுபடியும் மணிக்கு ஒரு சொட்டாயிற்று. இரவிலும் எழுந்து விட வேண்டியிருந்தது. நாம் மூன்று இரவுகள் அலாரம் வைத்துக்கொண்டு அங்கே தங்கினோம். நான்காம் நாள் புகை கலையத் தொடங்கியது. மூன்று வாரத்தில் ஒட்டு தெளிந்தது. அணுக்களில் எவ்வளவு போயிற்று என்பதை ஒரு கருவியால் எண்ணிப் பார்த்தார்கள். சாதாரணக் கண்ணில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 இருக்கும். இங்கே அதில் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. பிழைத்தது ஒட்டு, ஆனால் சேமிப்புக் குறைந்துவிட்டது.

சேமிப்புக் குறைந்த இந்தக் கண்ணில்தான் புரையும் எடுக்க வேண்டும். புரை எடுப்பதில் கொஞ்சம் அணுக்கள் போவது தவிர்க்க முடியாதது. அதனால் டாக்டரம்மாள் அவசரப்படவில்லை. ஆறு மாதம் கண் அமைதியாக இருக்கட்டும் என்றார். தையல் எடுத்த பின் ஒட்டின் வளைவு நிலைப்பட்டால்தான், உள்ளே வைக்கும் வில்லையின் சக்தியைக் கணக்கிட முடியும் என்பது மற்றொரு காரணம். இதற்கிடையே வலிமை குறைந்த வேறொரு ஸ்டிராய்டுக்கு மாற்றினார். எல்லா ஸ்டிராய்டும் ஒரே அளவில் புரையையும் அழுத்தத்தையும் வளர்ப்பதில்லையாம். இப்போதெல்லாம் எல்லா நோயாளிக்கும் முழுக் கனத்துக்கும் ஒட்டுவதில்லை என்றும், கெட்டது உள் அடுக்கானால் அந்த அடுக்கை மட்டும், மேலடுக்கானால் அதை மட்டும் மாற்றும் முறைகள் வந்துவிட்டன என்றும், அவற்றில் உடம்பு வெறுப்பது குறைவாகையால் மருந்தின் தேவையும் குறைவு என்றும் கேட்டறிந்தோம். தமக்கையாரின் பூ முழுக் கனமும் ஊடுருவியிருந்ததால் அவருக்கு அது இயலவில்லை.

2019 தையில் புரை எடுத்தார்கள். சோகை அடித்த அதே தை. ஒட்டின் உட்புறத்தைக் காக்கப் பாகுபோன்ற ஒரு திரவத்தை உள்ளே நிரப்பிக்கொண்டு, அதன் மறைவில் புரையைத் துகளாக்கி உறிஞ்சி எடுத்து, மடித்த வில்லையை உள்ளே விரியவிட்டார்கள். அந்த வில்லை மதுரையில் செய்தது என்று கேட்டபோது நமக்கு உண்டான பெருமையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் எண்ணம் 1949-ல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்பவருக்குப் பலித்தது. நெடுங்காலம் அது பணக்காரர் வைத்தியமாகவே இருந்தது. அந்நியச் சரக்கு, அந்நிய விலை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையுடன் தொடங்கிய அரவிந்த் கண்ணாஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள், 1992-ல் ஆரோலாப் என்ற தொழிற்சாலையை வைத்து வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். விலை மிகச் சிறு பங்காக இறங்கியது. வாதமுடக்கால் விரல்கள் மடங்கிப்போன ஒரு மனிதர், அந்தக் கைகளாலேயே கத்தி பிடிக்கக் கற்று ஆரம்பித்த காரியம் அது. கதர் மாத்திரம் சுதேசியம் அன்று.

ரணசிகிச்சையின் பின் மருந்து மறுபடி ஏறி, மறுபடி படிப்படியாக இறங்கியது. இன்றைக்கும் நாளைக்கு ஒரு சொட்டு உண்டு. அது எப்போது நிற்கும் என்று தமக்கையார் கேட்பதில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு தரம் போய் அழுத்தம் அளந்துகொண்டு வருகிறார். சித்திரைச் சதயத்தன்று, நாவுக்கரசர் குருபூஜைக்குக் கோயிலுக்குப் போகும்போது, பெயர் தெரியாத ஒருவர் நக்ஷத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே ஓர் அர்ச்சனை செய்கிறார். குருக்கள் ஏன் என்று கேட்டதற்கு, “கண்ணுக்குச் சொந்தக்காரருக்கு” என்றாராம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மாமாவின் அட்டவணை இப்போதும் சுவரில் இருக்கிறது. ஒரே மாற்றம்: கோடு போடும் பென்ஸிலை மாமா தமக்கையார் கையில் கொடுப்பதில்லை; சொட்டைத் தாமே விட்டுவிட்டுத் தாமே போடுகிறார்.

போன தரம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது டாக்டரம்மாள் இடக்கண்ணையும் பார்த்துவிட்டு, அதிலும் புரை தொடங்கியிருக்கிறது என்றார். அந்தக் கண்ணில் ஒரு நாளும் எந்தச் சொட்டும் விட்டதில்லை. “அது எதனால்?” என்று தமக்கையார் கேட்டார். “வயசுதான் அம்மா” என்று பதில் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் வெகுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். நெல்லிக்குப்பம் தாண்டும்போது நம் பக்கம் திரும்பி, “இதற்கு அத்தை யாரைத் திட்டுவாள், தம்பி?” என்றார்.